என்ஜின் வேலை பார்த்து 600 கிலோமீட்டர்ல டைமிங் கியர் போச்சு. கியரை மட்டும் மாத்தினா போதுமா?

இந்த வாரம் வந்த கடிதம் கொஞ்சம் நீளம், ஆனா எழுதினவரு எதையும் மறைக்காம எழுதியிருக்காரு, அதனால பதில் சொல்ல வசதியா இருக்கு. சுருக்கமா விஷயம் இதான். அவர் அப்பா ஓட்டின பழைய கார், நாலு சிலிண்டர் பெட்ரோல், வால்வைத் திறந்து மூடுற கேம் ஷாப்ட் பிளாக்குக்குள்ள இருந்து, நீளக் கம்பி வழியா வால்வை இயக்குற புஷ் ராடு என்ஜின். கேமைச் சுத்துறது செயினோ பெல்ட்டோ இல்ல, பிஸ்டன்கள் சுத்துற தண்டான கிராங்க்ல ஒரு இரும்பு கியர், அதோட நேரா கடிச்சு ஓடுற ஃபைபர் (பிசின் சேர்த்து அமுக்கின நார்) கேம் கியர், இந்த ஜோடிதான் டைமிங் கியர். என்ஜினை முழுசா இறக்கி வேலை பார்த்திருக்காங்க. போரிங், கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங் லைன் போரிங் (கிராங்க் உக்காருற ஓட்டைகளை ஒரே நேரா கடையுறது), ஹெட் ஸ்கிம்மிங் (ஹெட்டோட அடிமுகத்தைச் சீவுறது), புது கேம் கியர், எல்லாம். ஹெட்டை முன்னாடியே ஒரு தடவை ஸ்கிம் பண்ணியிருக்காங்க, இது ரெண்டாவது.

வண்டி 600 கிலோமீட்டர் கிட்ட ஓடியிருக்கு. ஒருநாள் வேகத்தைக் குறைச்சு கியர் மாத்தும்போது டப்புனு ஆஃப். பெட்ரோல் பம்ப்னு நினைச்சு பலதடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்து, அப்புறம் இன்னொரு வண்டியில கட்டி இழுத்து செகண்ட் கியர்ல விட்டும் பார்த்திருக்காங்க. செல்ஃப் அடிக்கும்போது எப்பவும் வர்ற "உவ், உவ், உவ்" இல்லாம ஒரே சீரா "உய்ய்ய்"னு வேகமா சுத்துதாம். மெக்கானிக், பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சுக் கொடுக்குற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு, உள்ள இருக்குற ரோட்டார் சுத்தல, டைமிங் கியர் போச்சு, அரை நாள் வேலை, இரும்பு கியரா வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு. கம்ப்ரஷன் கேஜ் வச்சதுல ரெண்டு சிலிண்டர் பூஜ்யம், ஒண்ணு கிட்டத்தட்ட சரி, ஒண்ணு பாதி. டைமிங் கியர் கவரை இன்னும் திறக்கல.

அவர் கேக்குறது நாலு. நிச்சயமா டைமிங் கியர்தானா, வால்வெல்லாம் அடிபட்டு என்ஜின் மறுபடி போச்சா, இரும்பு கியர் போட்டா தீர்ந்துச்சா, கியர் கொடுத்த கடைக்காரரைக் கேக்குறதா வேலை பார்த்தவரைக் கேக்குறதா.

சரி தம்பி, இனி உங்ககிட்ட நேரா பேசுறேன். நான் என்ஜின் இறக்கி ஏத்துற வேலையில இருக்குறவன், அந்தக் கண்ணோடதான் உங்க கடிதத்தைப் படிச்சேன். நீங்க கேட்ட நாலு கேள்வியைவிட, நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன ரெண்டு வரிதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. ஒண்ணு, வேலை முடிஞ்சு வந்த நாள்லேர்ந்தே முன்பக்கம் ஒரு விசில் சத்தம், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறுது, "புது என்ஜின், செட் ஆயிடும்"னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க. இன்னொண்ணு, என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடத்துல ஆயில் சொட்டுது, அது முன்னாடி இல்லாத கம்ப்ளைண்ட்னு. இந்த ரெண்டையும் நீங்க வேற வேற பிரச்சனைன்னு நினைச்சு விட்டுட்டீங்க, எனக்கென்னவோ கியர் போனதையும் சேர்த்து மூணும் ஒரே கதையாத்தான் தெரியுது, ஏன்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, இனிமே செல்ஃப் அடிக்காதீங்க, கட்டி இழுக்கவும் வேண்டாம். கேம் நின்னுபோய் கிராங்க் மட்டும் சுத்தினா திறந்து நிக்கிற வால்வு மேல பிஸ்டன் ஒவ்வொரு சுத்துக்கும் வந்து போகும், முதல் அடியில தப்பிச்ச வால்வும் பத்தாவது அடியில வளையலாம். பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருங்க, ஆர்வத்துல யாராவது சாவியைத் திருப்பிடுவாங்க.

நிச்சயமா டைமிங் கியர்தானா

ரோட்டார் சுத்தலங்கிறது பலமான சாட்சிதான், ஆனா அது மட்டும் போதாது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்துறது கேம், கேமுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவுல ஒரு சின்ன கியர் இருக்கு, அதைப் பிடிச்சு வச்சிருக்குற ஒரு பின் இருக்கு. அந்தப் பின் அறுந்தாலும் ரோட்டார் நிக்கும், ஆனா கேம் நல்லா சுத்திட்டு இருக்கும். அதனால வால்வை அமுக்குற ராக்கர்களுக்கு மேல இருக்குற கவரைக் கழட்டி, பிளக் நாலையும் எடுத்துட்டு, கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனர் போட்டுக் கையால மெதுவா ரெண்டு சுத்து சுத்தச் சொல்லுங்க. எங்கயாவது இறுக்கமா நின்னா பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது, அது வால்வுல முட்டுற இடமா இருக்கும், அங்கயே நிறுத்திடணும். ராக்கர் ஒண்ணுகூட அசையலன்னா கேம் சுத்தல, அவ்வளவுதான். ராக்கர் அசைஞ்சு ரோட்டார் மட்டும் நின்னா டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்க.

உங்க கேஸ்ல அந்த "உய்ய்ய்" சத்தத்தைப் பார்த்தா கேம்தான் நின்னிருக்கும்னு நினைக்கிறேன். நாலு சிலிண்டரும் மாறி மாறி காத்தை அமுக்குறதாலதான் செல்ஃப் விட்டு விட்டு முனகும், அமுக்க ஆளில்லன்னா சீரா வேகமா ஓடும். ஆனா கேம் நின்னதுனாலேயே கியர் பல்லு போச்சுன்னு அர்த்தமில்ல. கிராங்க் கியரை வழுக்காம பிடிச்சிருக்குற கீங்கிற சின்ன இரும்புத் துண்டு அறுந்திருக்கலாம், கேம் கியர் போல்ட் லூசாகி கீ போயிருக்கலாம், ஃபைபர் வளையம் நடுவுல இருக்குற இரும்புக் குடத்தை விட்டுக் கழண்டு தனியா சுத்திட்டு இருக்கலாம். வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கவரைத் திறந்தாத்தான் எதுன்னு தெரியும்.

அந்தக் கம்ப்ரஷன் நம்பரை வச்சுக் கவலையும் படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க. கேம் நின்ன இடத்துல எந்த சிலிண்டர்ல ரெண்டு வால்வும் மூடியிருக்கோ அது நல்ல ரீடிங் காட்டும், எதுல ஒண்ணு திறந்து நிக்குதோ அது பூஜ்யம் காட்டும். பூஜ்யம் காட்டின ரெண்டுலயும் வால்வு வளைஞ்சிருச்சுன்னு நீங்க எழுதியிருக்குறது அவசரம், அந்த நம்பர் அதைச் சொல்லல.

வால்வு தப்பிச்சுதா

"பழைய என்ஜின் தம்பி, இதுல வால்வும் பிஸ்டனும் முட்டாது"ன்னு ஒருத்தர் ஆறுதல் சொன்னதா எழுதியிருந்தீங்க. கம்பெனியில செஞ்சு வந்தப்போ அது உண்மையா இருந்திருக்கலாம். ஆனா ஹெட்டை ரெண்டு தடவை சீவியாச்சு. சீவின ஒவ்வொரு தடவையும் வால்வு பிஸ்டனுக்கு அவ்வளவு கிட்ட இறங்கி வந்திருக்கு, பிளாக் மேல்முகத்தையும் சீவியிருந்தா இன்னும் கிட்ட. அதனால முட்டாதுன்னு சொல்ல முடியாது, முட்டியிருக்கும்னும் சொல்ல முடியாது, பார்த்துடணும். நல்ல விஷயம் என்னன்னா வேகம் குறையும்போது நின்னிருக்கு, ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல போயிருந்தா நான் இவ்வளவு நிதானமா எழுதிட்டு இருக்க மாட்டேன்.

பார்க்க உடனே ஹெட்டைக் கழட்ட வேண்டியதில்ல. ராக்கர் ஷாப்ட்டை அப்படியே தூக்கி எடுத்துட்டா எட்டு வால்வும் ஸ்பிரிங் பலத்துல மூடிக்கும், இப்ப கேம் எங்க நிக்குதுங்கிறது பிரச்சனையே இல்ல. நேரான ஒரு ஸ்கேலை வெளிய தெரியுற வால்வு தண்டு முனைகளுக்கு மேல குறுக்க வச்சுப் பாருங்க, எதாவது ஒண்ணு மத்ததைவிட இறங்கி நின்னா அது சீட்டுல உக்காரல, வளைஞ்சிருக்கு. அப்புறம் பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்து விட்டுக் காது வச்சுக் கேளுங்க. கார்புரேட்டர்ல சீறினா இன்டேக் வால்வு, சைலன்ஸர்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊத்துற வாயில வந்தா ரிங். காத்து விடும்போது பிஸ்டன் தள்ளிக் கிராங்க் சட்டுனு திரும்பும், ஃபேன் பக்கம் கை இருக்கக் கூடாது. புஷ் ராடுகளை எடுத்து வரிசை மாறாம ஒரு அட்டையில குத்தி வச்சுட்டு, ஒவ்வொண்ணா கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, வளைஞ்சது துள்ளும். கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவுல இருக்குற டாப்பெட்டை வெளிய எடுத்தா அதுவும் அதே வரிசைதான், எந்த கேம் முனையில தேய்ஞ்சு பழகுச்சோ அங்கயேதான் திரும்பிப் போகணும்.

இதெல்லாம் நல்லா வந்துச்சுன்னா ஹெட் கழட்டாம தப்பிச்சீங்க. ஒரு வால்வு சீறினாலும் ஹெட் இறங்கணும், அதுல சமரசம் பேசாதீங்க.

கியர் ஏன் போச்சு

இதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. புது கியர் 600 கிலோமீட்டர்ல போகுதுன்னா, கியர் தரமில்லன்னு சொல்லிட்டு அடுத்த கியரை வாங்கி மாட்டுறது எல்லாரும் செய்யுறதுதான். மாட்டுறதுக்கு முன்னாடி உடைஞ்சதைப் படிக்கணும் தம்பி, உடைஞ்ச பல்லு தெளிவா பேசும்.

ஒரு இடத்துல மட்டும் நாலஞ்சு பல்லு பேந்து மத்தது முழுசா இருந்தா திடீர் அடி விழுந்திருக்கு. நடுவுல ஒரு வாசரோ போல்ட்டோ சிக்கியிருக்கலாம், இல்ல இக்னிஷன் ரொம்ப அட்வான்ஸா இருந்து ஸ்டார்ட் பண்ணும்போது என்ஜின் பின்னாடி உதைச்சிருக்கலாம், இல்ல கேம் எங்கயாவது ஒரு நொடி பிடிச்சிருக்கலாம். சுத்தி எல்லாப் பல்லும் தேய்ஞ்சு மெலிஞ்சு கருகி இருந்தா ஆயில் போய்ச் சேரல, இல்லன்னா கடி இறுக்கமா இருந்திருக்கு. பல்லோட ஒரு ஓரம் மட்டும் உடைஞ்சிருந்தா ரெண்டு கியரும் நேரா நிக்கல. பல்லெல்லாம் நல்லா இருந்து ஃபைபர் மட்டும் இரும்புக் குடத்தை விட்டுக் கழண்டிருந்தா, மாட்டும்போது அடிச்சிருக்காங்க இல்ல ஓரத்துல வச்சு அமுக்கியிருக்காங்க.

இப்ப உங்க விசிலுக்கு வருவோம். லைன் போரிங் பண்ணும்போது மெயின் கேப்போட முகத்தைக் கொஞ்சம் சீவிட்டு மறுபடி வட்டமா போர் பண்ணுவாங்க. அதுல கிராங்க்கோட மையம் ஒரு நூலளவு பிளாக்குக்குள்ள மேல ஏறும், அதாவது கேம் இருக்குற பக்கம். நல்ல கை பார்த்தா அது ரொம்ப ரொம்பக் குறைவா இருக்கும், ஆனா பூஜ்யம் இல்ல. ரெண்டு கியரோட மையமும் 0.05 மில்லிமீட்டர் கிட்ட வந்தா, 20 டிகிரி பிரஷர் ஆங்கிள் (பல்லுப் பக்கத்தோட சாய்வு) இருக்குற பல்லுல பேக்லாஷ், அதாவது கடிக்கிற ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளி, கிட்டத்தட்ட 0.036 மில்லிமீட்டர் குறையும். செயின் வண்டியில இது கொஞ்சம் தொய்வாகுமே தவிர உடனே எதையும் உடைக்காது, ஆனா கியரும் கியரும் நேரா கடிக்குற என்ஜின்ல மொத்தமா இருக்க வேண்டிய இடைவெளியே மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான், மேனுவலைப் பொறுத்து 0.05, 0.10 அந்த மாதிரி. அதுல 0.036 போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கும்? பல்லு பல்லோட இறுகிக் கடிச்சு ஓடும், விசிலடிக்கும், சூடாகும், ஃபைபர் அதைத் தாங்காது. லூசா இருந்தா கடகடன்னு சத்தம் வரும், விசில் வந்தா இறுக்கத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். செட் ஆகுற சத்தம்னு சொன்னது தப்பு, அன்னைக்கே கவரைத் திறந்திருக்கணும்.

பின்னாடி சொட்டுற ஆயில், அதுவும் இந்தக் கதையிலதான் வருது. கேம் பிளாக்குக்குள்ள இருக்கும்போதே கியரை முன்னாடியிலேர்ந்து சுத்தியால அடிச்சு ஏத்தினா கேம் பின்னாடி நகரும், பின்முனையில இருக்குற மூடி பிளக்கைத் தள்ளிடும், அப்புறம் ஆயில் அந்த வழியா கியர் பாக்ஸ் பக்கம் இறங்கும். ரியர் மெயின் சீல்னு நினைச்சுப் பலபேர் சீலை மாத்திட்டு இருப்பாங்க. உங்களுக்கு சீல்தான் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லன்னு நான் அடிச்சுச் சொல்லல. ஆனா கியர் பாக்ஸ் இறங்கினா அந்தப் பிளக்கை ஒரு தடவை பாருங்க, அது உள்ள தள்ளாம வெளிய பிதுங்கி நின்னா கியரை அடிச்சுதான் ஏத்தியிருக்காங்க. அப்படி அடிச்சா ஃபைபருக்கும் இரும்புக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், போதாததுக்கு கேமோட திரஸ்ட் பிளேட் இடைவெளியும் மாறிடும். இந்தப் பல்லு சாய்வா வெட்டினது, ஓடும்போது கேமை ஒரு பக்கமா தள்ளிட்டே இருக்கும், அதைத் தாங்குறது அந்த பிளேட்தான்.

மூணாவதா ஆயில். பல என்ஜின்ல இந்தக் கியர் மேல ஆயில் பீச்சுறதுக்குன்னே ஒரு சின்ன ஜெட் இருக்கும். பிளாக்கைக் கழுவ அனுப்பும்போது கழட்டினது திரும்ப மாட்டாம போகலாம், முன் பிளேட் பேக்கிங் ஓட்டையை மறைக்கலாம், சிலிக்கான் அதிகமா தடவி பிதுங்கி உள்ள போய் அடைக்கலாம். ஒரு மெல்லிசு கம்பி விட்டுப் பாருங்க, காத்து அடிச்சுப் பாருங்க.

இன்னும் ஒண்ணு, கியரைக் கழட்டினதும் ராக்கர் இல்லாத நிலையில கேமைக் கையால சுத்திப் பாருங்க. விரல் பலத்துல வழுக்கிட்டுப் போகணும். எங்கயாவது பிடிச்சா கேம் பேரிங்தான் குத்தவாளி, அதை விட்டுட்டு எந்தக் கியர் போட்டாலும் நிக்காது.

இரும்பு கியர் போடலாமா

போடலாம், ஆனா நீங்க நினைக்கிற காரணத்துக்காக இல்ல. ஃபைபர்ங்கிறது செலவு மிச்சம் பிடிக்கப் போட்டதுன்னு எழுதியிருந்தீங்க, அப்படி இல்ல. சத்தம் வரக் கூடாதுன்னுதான் போட்டாங்க. வால்வோ பி18, பி20, ஃபோர்டோட பழைய வி4, வி6, ஜெனரல் மோட்டார்ஸோட 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இப்படி நிறைய என்ஜின்ல ஃபைபர் கேம் கியர்தான் வந்துச்சு, நல்ல ஆயில் போனா நெடுங்காலம் ஓடும். வயசாக ஆகக் காய்ஞ்சு நொறுங்குறதுதான் அதோட குறை. இரும்போ அலுமினியமோ போட்டா பல்லு உடையுற பயம் குறையும், சத்தம் கூடும், இரும்புல ரொம்பவே கேக்கும்.

என் பயம் வேற. உங்க என்ஜின்ல கடி இறுக்கமா இருந்தா, ஃபைபர் உடைஞ்சு உங்களுக்குச் சேதி சொல்லிடுச்சு. இரும்பு சொல்லாது, அந்தப் பலத்தையெல்லாம் கேமோட முன் பேரிங்குக்கும் கிராங்க்கோட முன் மெயினுக்கும் கடத்திட்டு ஓடிட்டே இருக்கும், அப்புறம் வர்ற செலவு பெருசு. அதனால எந்தக் கியரா இருந்தாலும் முதல்ல பேக்லாஷ் அளந்துட்டுதான். நுண்ணளவு காட்டுற டயல் கேஜை கேம் கியர் பல்லு மேல நேரா வச்சு, கிராங்க்கை அசையாம பிடிச்சுக்கிட்டு, கேம் கியரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கணும். ஒரு இடத்துல அளந்தா போதாது, சுத்தி சுத்தி நாலு இடத்துல அளக்கணும், கியர் கோணலா உக்காந்திருந்தா அப்பதான் தெரியும். மேனுவல்ல சொன்ன அளவுக்குள்ள வரலன்னா லைன் போரிங் பண்ணவர்கிட்ட பேச வேண்டிய விஷயம் அது, கியர் கடையில இல்ல. கிராங்க் கியரையும் சேர்த்து ஜோடியாத்தான் மாத்தணும். கியரை பிரஸ்ல நடு இரும்பைத் தாங்கி ஏத்தணும், ஃபைபர் ஓரத்தைத் தொடக் கூடாது, சுத்தியல் கிட்டயே வரக் கூடாது.

அந்த "அரை நாள் வேலை" பத்தி. ஆயில் சேம்பரைக் கழட்டாம இந்த வேலையை முடிக்கச் சம்மதிக்காதீங்க. உடைஞ்ச ஃபைபர் துணுக்கெல்லாம் கீழதான் விழுந்திருக்கு, ஆயில் பம்ப் உறிஞ்சுற வலையில போய் ஒட்டிக்கும். ஆயில் பிரஷர் குறையும், புதுசா கிரைண்ட் பண்ண கிராங்க்கும் பேரிங்கும் போயிடும், இந்தத் தடவை காரணம் கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. சேம்பர், வலை, பம்ப் மூணையும் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் புதுசு. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பாருங்க, உலோகத் தூள் மின்னினா பேரிங்கையும் ஒண்ணு ரெண்டு திறந்து பார்த்துடலாம்.

மூடுறப்போ ரெண்டு கியர்லயும் இருக்குற டைமிங் அடையாளம் புள்ளிக்குப் புள்ளி சேர்ந்ததும் ஒண்ணாம் சிலிண்டர் ஃபயரிங்ல இருக்குன்னு எடுத்துக்காதீங்க. பல என்ஜின்ல அந்த நிலையில ஒண்ணாம் சிலிண்டரோட கூடவே பிஸ்டன் மேல வர்ற ஜோடி சிலிண்டர்தான் ஃபயரிங்ல இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டரைத் தப்பா இறக்கினா 180 டிகிரி மாறி கார்புரேட்டர்ல வெடிக்கும். ஒண்ணாம் நம்பர் வால்வு ரெண்டும் மூடியிருக்கான்னு பார்த்து வைங்க. கேம் கியர்ல பல்லு சரியா ரெண்டு மடங்குங்கிறதால கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா புள்ளி மறுபடி அதே இடத்துல சேரணும், கவர் மூடுறதுக்கு முன்னாடி கையாலயே சுத்திப் பார்த்துக்கோங்க.

யாரைக் கேக்குறது

கோபம் எனக்குப் புரியுது, அப்பா ஞாபகமா வச்சிருக்குற வண்டி. ஆனா இப்பவே கடைக்காரர் மேல பாயாதீங்க. என் கணிப்புல கியர்ல குறை இருக்க வாய்ப்பு கம்மி, ஆனா அது கணிப்புதான், கவர் திறந்தாத்தான் சாட்சி. அந்தச் சாட்சியை நீங்க கெடுத்துடக் கூடாது. வேலை பார்த்தவரையும் கூட வச்சுக்கிட்டே திறங்க, வர முடியலன்னா திறக்குறதுக்கு முன்னாடி, திறந்ததும், கியரைக் கழட்டுறதுக்கு முன்னாடின்னு படிப்படியா போட்டோ எடுங்க. பேக்லாஷ், திரஸ்ட் இடைவெளி ரெண்டையும் பேப்பர்ல எழுதித் தேதி போடுங்க. பல்லு பாதி போயிருந்தாலும் எதிர்ல எதாவது நாலு பல்லு மிஞ்சியிருக்கும், அங்க அளக்கலாம், முழுசா போயிருந்தா புது கியரை வச்சு அளந்தாலும் மையம் கிட்ட வந்திருக்கான்னு தெரிஞ்சுடும். உடைஞ்ச கியரையும் துணுக்கையும் ஒரு பையில போட்டு உங்ககிட்டயே வச்சுக்கோங்க, "பார்த்துட்டுத் தர்றேன்"னு யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, போட்டோ கொடுங்க போதும்.

பில்லை எடுத்து வாரண்டி வரியைப் படிங்க. பொருளுக்கு வாரண்டின்னு போட்டிருந்தா பெரும்பாலும் அந்தப் பொருளை மட்டும்தான் மாத்திக் கொடுப்பாங்க, கழட்டி மாட்டின கூலி அதுல வராது. வேலைக்குன்னு தனியா வாக்கு கொடுத்திருந்தா அதை வேலை பார்த்தவர்கிட்டதான் கேக்கணும். அளவு இறுக்கம்னு வந்து, விசில் சத்தத்தை அன்னைக்கே நீங்க சொல்லியும் இருக்கீங்கன்னா உங்க பக்கம் பலமா இருக்கு, அந்தப் பேச்சு மெசேஜ்ல இருந்தா அழிச்சிடாதீங்க. இன்னொரு பக்கம், நின்னதுக்கு அப்புறம் கட்டி இழுத்ததையும் அவர் சொல்லுவாரு, வால்வு வளைஞ்சிருந்தா அதுல கொஞ்சம் உங்க பங்குன்னு வாதாட அவருக்கு இடம் இருக்கு. அதை மறைக்காம நீங்களே முதல்ல சொல்லிட்டுப் பேசுங்க, பேச்சு நேரா போகும். பணமா திரும்பக் கேக்குறதைவிட, அளவைச் சரிபண்ணி, சேம்பர் கழுவி, ஜோடி கியர் போட்டு, பேக்லாஷ் எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க, நல்ல வேலைக்காரர் அதுக்கு ஒத்துக்குவாரு. ஒத்துக்கலன்னா வேற மெஷின் ஷாப்ல அளந்து எழுதி வாங்கிட்டு அப்புறம் மேல பேசலாம்.

கவர் திறந்ததும் பல்லோட போட்டோ, பல்லு மிஞ்சியிருந்தா பேக்லாஷ், கேம் கையால வழுக்கிட்டுப் போச்சா இல்லையான்னு இந்த மூணையும் அனுப்புங்க தம்பி, அதைப் பார்த்துட்டு ஃபைபரா அலுமினியமான்னு சொல்றேன். அதுவரைக்கும் புது கியர் வாங்க வேண்டாம்.